மோகனாவுக்கு அடுத்த பெயர்

நவம்பர் 11, 2002, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் முதல் பக்கத்திலேயே மூடி, எடுத்த இடத்தில் வைத்துவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். கோமதி மிஸ்ஸிடம் காட்டினால் நான் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன். மெர்லினிடம் காட்டினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு ஒருத்தியைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் பத்தாம் வகுப்பு வரலாறு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில், அம்மா படுத்த பிறகு, அடுப்படியில் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பார். இப்போது நாக்பூர் பக்கம் போயிருக்கிறார்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பிளஸ் டூ, கம்ப்யூட்டர் குரூப். எங்கள் லேபில் எட்டு மெஷின். அதில் ஆறு ஓடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் எல்லா மானிட்டர் நெற்றியிலும் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள், நாற்பது நிமிஷம், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஆங்கிலப் பெயர் வரிசைப்படி உட்கார வைத்திருக்கிறார்கள். நான்காம் நம்பரில் நான், மெர்லின், முப்பிடாதி. நடு ஸ்டூல் மெர்லினுக்கு.

நாற்பதில் ஆளுக்குப் பதின்மூன்று நிமிஷம் வரும். மெர்லின் இருபது எடுத்துக்கொள்வாள். ஆனால் நான் முகத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், "இந்தா மங்கை, நீ அடி" என்று உடனே நகர்ந்துவிடுவாள். அவள் அப்படி நகர்வதுதான் எனக்கு எரிகிறது. அவளுக்கு என்ன, வீட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. நகரலாம்.

இன்று கோமதி மிஸ் சொன்னது: பப்ளிக் பரீட்சைக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலை இந்த வருஷம் கம்ப்யூட்டரில் போட வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார்களாம். மூன்று செக்‌ஷனையும் சேர்த்து, ஆங்கில எழுத்து வரிசைப்படி, பிளாப்பியில். ஆபீஸ் கிளார்க் எல்லா விவரத்தையும் ஒரு கோப்பில் டைப் அடித்துத் தருவார். அதை அடுக்கும் ப்ரோக்ராமை யாராவது ஒருத்தி சி-யில் எழுத வேண்டும். நன்றாகச் செய்கிறவளைத்தான் டிசம்பரில் திருநெல்வேலி இன்ஜினியரிங் காலேஜில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்கள். பள்ளிக்கு ஒருத்திதான்.

பெயர்களை அடுக்கும் ப்ரோக்ராமை நான் ஒரு மாதமாகப் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கை தூக்கினேன். பாதிதான் தூக்கியிருப்பேன்.

"நான் பண்ணுதேன் மிஸ்," என்று மெர்லின் சொல்லிவிட்டாள்.

"சரி மெர்லின்மா," என்றார்கள் மிஸ்.

என்னை மிஸ் இதுவரை 'மங்கைம்மா' என்று கூப்பிட்டதில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா ஜவுளிக் கடைக்குச் சேலை ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறாள். இன்று பதினொரு சேலை. ஆறு நான் அடித்தேன். விரலில் ஊசி ஏறிவிட்டது.

முப்பிடாதியைப் பற்றி எழுதவில்லையே. ஜூலையில்தான் எட்டயபுரத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தாள். வந்த அன்று எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். "சிரிங்க சிரிங்க. சாமி பேரு. ராத்திரி கண்ணக் குத்தும்," என்று அவளும் கூடச் சிரித்தாள். பக்கத்தில் நான் மட்டும் இடம் கொடுத்தேன். அவள் அம்மா புருஷனை விட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, ஒரு அச்சகத்தில் காலண்டர் தைக்கிறாள். சேர்க்கும்போது அப்பா பெயர் என்ற இடத்தில் எதையும் எழுதக் கூடாது என்று ஆபீஸில் சண்டையே போட்டாளாம். "ஒரு கோடுகூட இழுக்கப்படாதுன்னுட்டா எங்கம்மா. சும்மா விட்டுட்டாக," என்று முப்பிடாதி என்னிடம்தான் சொன்னாள். முதலில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

தீபாவளி லீவில் அவள் மெர்லின் வீட்டுக்குப் போய் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு நேற்றுத்தான் தெரியும். மெர்லினிடமும் தன் அம்மா கதையைச் சொல்லிவிட்டாள் போல. சொன்னால் சொல்லட்டும். எனக்கு என்ன.

நவம்பர் 13, புதன்

முப்பிடாதி வரவில்லை. வயிற்றுவலி.

மெர்லின் முடித்துவிட்டாள். இரண்டே நாள்.

லேபில் எல்லோரும் நின்று பார்த்தோம். ஹெச்.எம். டீச்சரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். கிளார்க் அடித்த கோப்பில் பெயர்கள் கலைந்து கிடந்தன. மெர்லின் கீபோர்டைப் பார்க்காமலேயே இரண்டு பட்டனை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை பெயரும் அடுக்கி வந்துவிட்டன. கைதட்டினார்கள். ஹெச்.எம். டீச்சர் "இத்தனையையும் கையால எழுதி வரிசப்படுத்தணும்னா சரோஜினி டீச்சருக்கு நாலு நாளாகும்ல!" என்றார்கள்.

நான் எழுதிய ப்ரோக்ராமில் அடுக்குவதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். இரண்டு பெயரை எடு, strcmp வைத்து எது முன்னால் என்று பார், மாற வேண்டுமானால் strcpy வைத்து ஒன்றை ஓரிடத்தில் எடுத்து வைத்து இடம் மாற்று, திரும்பவும் அடுத்த இரண்டு. மெர்லின் அதற்கு ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். qsort. அது சி-யோடு கூடவே வருகிறதாம். எப்படி ஒப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும், மிச்சத்தை அதுவே செய்துகொள்ளும். பெயர்களைத் தூக்கி இடம் மாற்றுவதுகூட இல்லை. பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரிகளை மட்டும் மாற்றி வைக்கிறாள்.

யாரோ எப்போதோ செய்து வைத்ததை எடுத்துப் போட்டால் அது எப்படி இவள் திறமை ஆகும்? எங்கள் பாடப் புத்தகத்தில் qsort கிடையாது. அவளிடம் இருக்கிற தடிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை அவள் அப்பா மதுரையிலிருந்து வாங்கிவந்தார். நான் ஒரு மாதம் பென்சிலால் எழுதியது, அவளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. இரண்டுக்கும் ஒரே கைதட்டல் கிடைத்தால்கூடப் பரவாயில்லை.

கீழே மொத்தம் 118 என்று வந்தது. "ஜூன்ல நூத்திப் பத்தொம்பது. செண்பகம் கல்யாணமாகிப் போயிட்டா. நூத்திப் பதினெட்டு. கரெக்டா இருக்கு," என்றார்கள் மிஸ்.

நான் என் பெயர் எங்கே என்று பார்த்தேன். மங்கையர்க்கரசி, மெர்லின், மோகனா, முத்துலெட்சுமி, இன்னொரு முத்துலெட்சுமி, நாகஜோதி.

தூக்கம் வருகிறது.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தார்கள். முப்பிடாதி வந்துவிட்டாள். என் மிட்டாயையும் பிடுங்கித் தின்றாள். "ஏட்டி, அவ கம்ப்யூட்டர்ட்ட என்னத்தயோ சொன்னாளாம், அது அப்படியே கேட்டுச்சாம். எங்க வீட்டு ஆடு நான் சொன்னா திரும்பிக்கூடப் பாக்காது!" என்றாள். மெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம், மெர்லின் கொடுத்த நகலை வைத்து அவள் ப்ரோக்ராமைப் பேப்பரில் ஓட்டிப் பார்த்தேன். பயிற்சிக்காகத்தான். வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் அப்படித்தான் பழகுவோம். கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு வரி ஓடியதும் எந்தக் கட்டத்தில் என்ன மாறும் என்று பென்சிலால் எழுதி, அழித்து, திரும்ப எழுதி. நானே மெஷின்.

கிளார்க் கோப்பில் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரி: பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, குரூப். நடுநடுவே கமா. அந்த வரியைத் துண்டு போட மெர்லின் strtok என்ற ஒன்றை வைத்திருக்கிறாள். கமா வரும் இடத்தில் எல்லாம் அது வெட்டிக் கொடுக்கும். ஐந்து துண்டு வர வேண்டும். ஐந்தாவது துண்டு கிடைக்காவிட்டால் அந்த வரியையே விட்டுவிட்டு மேலே போ என்று எழுதியிருக்கிறாள். கோப்பின் கடைசியில் வெற்று வரி இருந்தால் மெஷின் திணறும் என்பதற்காக.

ஆனால் இரண்டு கமா ஒட்டி ஒட்டி வந்தால்? நடுவில் ஒரு காலி இடம் இருக்கிறது என்று strtok நினைக்காது. இரண்டையும் ஒரே வெட்டாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடும். அப்போது அம்மா பெயர் அப்பா பெயருக்கான இடத்தில் போய் உட்காரும். தேதி அம்மா இடத்துக்கு வரும். எல்லாம் ஒன்று ஒன்றாக முன்னால் நகர்ந்து, நாலே துண்டு. ஐந்தாவது கிடைக்காது. அந்த வரி போய்விடும். மெஷின் எதுவும் சொல்லாது.

தடிப் புத்தகத்திலிருந்து மெர்லின் எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பக்கத்திலேயே இது இருக்கிறது. கடைசியில், பொடி எழுத்தில்.

தெரிந்துகொள்வதற்காக எழுதினேன். எந்த வரியில் இரண்டு கமா ஒட்டி வரும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

நவம்பர் 16, சனி

எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். இன்று காலை நாலரைக்கு வந்தது. இருபத்தாறு குடம். இடுப்பு விட்டுப்போய்விட்டது.

அந்தக் கோலத்தில் வாசலில் நிற்கும்போது மெர்லின் சைக்கிளில் வந்து இறங்கினாள். தலைக்குக் குளித்து, வெள்ளை சுடிதார். என் பாவாடை முழங்கால் வரை ஈரம். இறங்கியதும் சைக்கிளை நிறுத்திவிட்டு, கேட்காமலேயே ஒரு குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சுடிதாரெல்லாம் நனைந்தது. அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "எவ்வளவு தங்கமான பிள்ள," என்று மத்தியானம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து குடம் எடுத்தவளை ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வாயேன் மங்கை. சாயங்காலம் வரைக்கும் நீயே கம்ப்யூட்டர வச்சுக்க. நான் தொடமாட்டேன்," என்றாள்.

"ஃபால்ஸ் அடிக்கணும்," என்றேன்.

அப்புறம் அவள் கேட்டாள்: "என் ப்ரோக்ராம நீ பேப்பர்ல ஓட்டிப் பாத்தியா? திங்கக்கிழம பிளாப்பிய அனுப்பிருவாங்க. எனக்கு என்னமோ பக்குபக்குங்கு. உன் கண்ணுல படாம ஒரு கமாகூடப் போவாது. அதான் கேக்கேன்."

"பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவள் என் கையைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனாள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுதிவிடுகிறேன். எப்படியும் பட்டியலை வகுப்பில் வாசிப்பார்கள். பத்தாம் வகுப்பில் அப்படித்தான் நடந்தது. ஹெச்.எம். டீச்சரே ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருத்தியும் எழுந்து போய்த் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமையும் வாசிப்பார்கள். மோகனாவுக்கு அடுத்து முத்துலெட்சுமி என்று வரும். முப்பிடாதி எழுந்து "என் பேரு எங்க டீச்சர்?" என்பாள். மொத்த வகுப்பும் மெர்லினைத் திரும்பிப் பார்க்கும். மிஸ் பார்ப்பார்கள். யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை, உடனே சேர்த்துவிடுவார்கள். மெர்லினுக்கு ஒரு ஐந்து நிமிஷம். ஐந்தே நிமிஷம் அவள் நான் நிற்பதுபோல் நிற்கட்டும்.

நவம்பர் 18, திங்கள்

வாசிக்கவில்லை.

ப்ரேயரில் ஹெச்.எம். டீச்சர் சொன்னார்கள்: இந்த வருஷம் பெயர் வாசிப்பதும் கையெழுத்து வாங்குவதும் கிடையாது, கம்ப்யூட்டர் போட்டதில் தப்பு வராது, அரை நாள் பாடம் மிச்சம். பத்தரை மணிக்குக் கிளார்க் பிளாப்பியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திருநெல்வேலி பஸ் ஏறிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் தாண்டும் வரை பார்த்தேன்.

போட்டிக்கு மெர்லின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே," என்றாள். ஒன்பது சேலை.

நவம்பர் 20, புதன்

லேப். அது முடிந்து சாப்பாட்டு வேளையில் முப்பிடாதி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இன்று அவள் கையில் எலுமிச்சம்பழச் சாதம். மூடியில் பாதியைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். மூடியை அப்படியே அவள் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

"என்னட்டி, பேயறஞ்ச மாரி இருக்க?"

"ஒண்ணுமில்ல."

"பிளஸ் டூ முடிச்சதும் நான் நர்சிங். எங்கம்மா ஆஸ்பத்திரில பேசி வச்சிட்டா. மார்க் வந்த மறுநாளே வந்து சேருன்னுட்டாக. ஒனக்கு ஊசி போட நான்தான் வருவேன், பாத்துக்க. இந்த மூஞ்சிக்கு வலிக்கிற மாரி போடுவேன்."

மெர்லின் சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன்.

பெல் அடித்த பிறகு மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், பரீட்சை லிஸ்ட்டுல ஒருத்தி பேரு விட்டுப்போனா என்ன ஆகும்?"

"விட்டுப்போனா எழுத முடியாது. ஹால் டிக்கெட்டே வராதே. அடுத்த வருஷம்தான்."

"அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதா?"

"திருத்தம் எதுவும் இருந்தா வெள்ளிக்கிழம சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஏத்துக்கிடுவாங்க. அதுவும் ஹெச்.எம்.மே நேர்ல போவணும். ஏன் கேக்க?"

"சும்மாதான் மிஸ்."

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் இரண்டு நாள்.

வீட்டுக்கு வந்து, இடது கையால் ஒரு துண்டுக் காகிதத்தில் 'பட்டியலில் முப்பிடாதி பெயர் இல்லை, பார்க்கவும்' என்று எழுதினேன். மிஸ் மேஜையில் போட்டுவிடலாம் என்று. எழுதியதைப் பார்த்தால் இடது கையால் எழுதியதும் என் எழுத்துப் போலவே இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

சொன்னால் எப்போது தெரியும் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் முப்பிடாதி மார்ச் மாதம் ஹால் டிக்கெட் கொடுக்கும் அன்று வரிசையில் நிற்பாள். நான் அவளுக்கு முன்னால் நிற்பேன்.

நவம்பர் 21, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் ப்ரேயருக்கு முன்னால் மெர்லினை லேப் வாசலுக்குக் கூட்டிப்போனேன். கட்டம் போட்ட பேப்பரைக் கொடுத்து, "இதப் பாரு. ரெண்டு கமா ஒட்டி வந்தா ஒன்னோட strtok தாண்டிருது. முப்பிடாதி வரில அப்பா பேரு காலி," என்றேன். அவள் ஒரு தடவைதான் பார்த்தாள். மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப பாத்த?"

"இன்னைக்குத்தான். காலைல."

"சனிக்கிழம நான் கேட்டேன்ல?"

"அப்ப சரியா பாக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு "சரி" என்றாள். நம்பிவிட்டாள்.

எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு நேரே ஹெச்.எம். ரூமுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். "டீச்சர், லிஸ்ட்டுல முப்பிடாதி பேரு விட்டுப்போச்சு. என் தப்பு. மங்கைதான் கண்டுபிடிச்சா," என்றாள். அவ்வளவுதான். மூச்சு வாங்கவில்லை, அழவில்லை. ஹெச்.எம். டீச்சர் கத்தினார்கள். ஒரு பிள்ளையின் வாழ்க்கை என்றார்கள், பெரிய வீட்டுப் பிள்ளை என்ற திமிர் என்றார்கள். மிஸ்ஸுக்கும் திட்டு. ஜூலையில் ஒருத்தி புதிதாக வந்ததை மறந்துவிட்டுக் கணக்குச் சொன்னாயே என்று. மெர்லின் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும்.

நான் ஆசைப்பட்டது அதுதானே. பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமையாகத்தான் இருந்தது. 'என் தப்பு' என்ற இரண்டு வார்த்தை அவள் வாயிலிருந்து அவ்வளவு லேசாக வருகிறது. அதுவும் அவள் வீட்டில் இருக்கிறது போல.

புதிதாகப் பட்டியல் போட வேண்டும். "அந்த எடத்துல ஒரு கோடு போட்டுருங்க, துண்டு அஞ்சு வந்துரும்," என்றார் கிளார்க். முப்பிடாதி அதற்குள் விஷயம் தெரிந்து வந்து நின்றாள். அவள் முகம் அப்படி நான் பார்த்ததில்லை. சிரிப்பே இல்லை. ஆனால் "கோடு வேண்டாம் சார். எங்கம்மா ஒத்துக்கிட மாட்டா," என்றாள். குரல் நடுங்கியது, வேண்டாம் என்பதில் மட்டும் நடுக்கமில்லை.

"கோடு போட வேண்டாம். நான் மாத்தி எழுதுதேன்," என்றாள் மெர்லின்.

நடு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். strtok-ஐ எடுத்துவிட்டு strchr போட்டாள். அது எதையும் வெட்டாது. அடுத்த கமா எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். இரண்டு கமா ஒட்டி இருந்தால் நடுவில் நீளம் பூஜ்யம் என்று வரும். காலி இடம் காலியாகவே, தன் இடத்திலேயே இருக்கும். அவள் ஒவ்வொரு வரியாக அடிக்க அடிக்க நான் பக்கத்தில் பேப்பரில் ஓட்டிப் பார்த்தேன். கடைசித் துண்டுக்குப் பின்னால் கமா கிடையாது, அதை மறந்திருந்தாள். சொன்னேன். திருத்தினாள். இரண்டு பேரும் அரை மணி நேரம் வேறு ஒன்றும் பேசவில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு அவள் மேல் ஒன்றுமே இல்லை. அது எப்படி என்று தெரியவில்லை.

மொத்தம் 119. மோகனா, முப்பிடாதி, முத்துலெட்சுமி.

சாயங்காலம் மிஸ் கூப்பிட்டார்கள். போட்டிக்கு மெர்லின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைக் கொடுத்திருக்கிறார்களாம். "பேப்பர்லயே கண்டுபிடிச்சியே மங்கைம்மா!" என்றார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

காலை ப்ரேயரில் என்னை மேடைக்கு வரச் சொல்லிக் கைதட்ட வைத்தார்கள். மூன்று செக்‌ஷனும் தட்டியது. மெர்லினும் தட்டினாள்.

பதினொரு மணிக்கு மெர்லின் அப்பாவின் வேனில் ஹெச்.எம். டீச்சர், மிஸ், முப்பிடாதி, அவள் அம்மா எல்லோரும் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். வேனுக்கு ஏற்பாடு செய்தது மெர்லின். என்னையும் வரச் சொன்னார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஏறுவதற்கு முன் முப்பிடாதி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பாக்கலன்னா நான் அம்புட்டுத்தான்ட்டி," என்றாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. நான் கையை உருவிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரை வேன் போவதைக் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

இப்போது மணி எட்டு. ஐந்து மணிக்குள் வாங்கிக்கொண்டார்களா, என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் போன் கிடையாது. அம்மா முன்னறையில் ஃபால்ஸ் அடிக்கிறாள். நான் ரெக்கார்டு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக வருகிறது.

முன்னால் எழுதியதை எல்லாம் படித்துப் பார்த்தேன். பாதி பொய். இன்று ஒரு நாளாவது நேராக எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி பேப்பரில் ஓட்டிப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் என்பது பொய். பதின்மூன்றாம் தேதியே, அந்தக் கைதட்டல் நடந்துகொண்டிருக்கும்போதே, மோகனாவுக்கு அடுத்து முப்பிடாதி இல்லை என்று பார்த்துவிட்டேன். எல்லோரும் மெர்லினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. மெர்லின் அவமானப்பட வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுசாக உண்மை இல்லை. அந்த இடத்தில் முப்பிடாதி பெயர் இல்லை என்று கண்டதும் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. ஒரு நொடிதான் இருக்கும். தீபாவளிக்கு அங்கே போனாய் அல்லவா, அவளே உன் பெயரைத் தொலைத்துவிட்டாள் பார், வேண்டும் உனக்கு. இப்படித்தான் நினைத்தேன். இதே வார்த்தைகள். வயிற்றுவலியோடு வீட்டில் படுத்துக் கிடந்தவளை இப்படி நினைத்தேன்.

மெர்லின் என்னை நம்பவும் இல்லை. லேப் வாசலில் அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். தெரிந்தும் 'மங்கைதான் கண்டுபிடிச்சா' என்று சொன்னாள்.

முப்பிடாதியிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் ஹெச்.எம். வரை போகும். போட்டிக்குப் போக விடமாட்டார்கள். அதற்காகத்தான் ஒரு மாதம் பேப்பர் பேப்பராக எழுதினேன். மிஸ் இனிமேல் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரியும். அம்மா தெருவில் தலை காட்ட முடியாது என்பாள். முப்பிடாதி பக்கத்தில் உட்கார மாட்டாள். இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

வாயால் சொல்லும்போது குழறும். இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

முப்பிடாதி, எனக்குப் போன வாரம் புதன்கிழமையே தெரியும். பட்டியலில் உன் பெயரைத் தேடினேன். இல்லை என்று பார்த்த பிறகும்

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து போகிறாள்.

"வாங்க, வாங்க மதினி. உள்ள வாங்க."

முப்பிடாதி அம்மா குரல். சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அழுகிறாள் போல இருக்கிறது. "நாலே முக்காலுக்கு ஏத்திட்டாக மதினி. ஒங்க மக கண்ணு மட்டும் இல்லன்னா எம்மவளுக்கு ஒரு வருசம் போயிருக்கும். எங்க அவ? அவ மொகத்த ஒருக்கா பாத்துட்டுப் போவோம்னு வந்தோம்."

ஏற்றிவிட்டார்கள். பெயர் ஏறிவிட்டது.

"உள்ளதான் எழுதிக்கிட்டு இருக்கா. நீ போ தாயி."

"ஏட்டி மங்கை! கதவத் தொறட்டி! உள்ள என்ன பண்ணுத?"

முப்பிடாதி தட்டுகிறாள். நான் இன்னும் அந்த வாக்கியத்தை முடிக்க